வேடன் மலையிலிருந்து வரவேண்டும்

காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு எல்லாம் கோணலாகப் போக ஆரம்பித்தது. நேரம் எனக்கு உறுதியாகத் தெரியும். அப்போதுதான் கூத்து வாத்தியாரின் செல்போன் அடித்தது. அவர் பேசும்போது முகம் மாறியதைப் பார்த்ததும் என் செல்போனை எடுத்து மணி பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். கடை வாசலில் யாராவது மயங்கி விழுந்தால் முதலில் மணி பார்ப்பேன். அந்தப் பழக்கமாக இருக்கலாம். ஆனால் அன்றைக்கு யாரும் விழவில்லை. என் மகன் மூன்று மாடி உயரத்தில், ஒரு பனைமரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தான்.

அவன் நலமாக இருக்கிறான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழு வாரம் ஆகிவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறான், தூங்குகிறான், கூத்துக்கும் போய்வருகிறான். எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. சீட்டைப் பார்த்து மாத்திரை எடுக்கும்போது ஒன்றுக்கு இரண்டு தடவை பெயர் படிக்கிறேன். மொட்டை மாடியில் யாராவது நின்றால் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அன்று நடந்ததை வரிசையாக எழுதினால் கொஞ்சம் விளங்கும் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன். வரிசை வருமா என்று தெரியவில்லை.

எங்கள் ஊர், அதாவது என் கணவரின் ஊர், கச்சிராயபாளையம் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும். மற்ற கூத்தெல்லாம் ராத்திரியில்தான். அர்ச்சுனன் தபசு மட்டும் எங்கள் ஊரில் பகலில் நடக்கும். போருக்கு வேண்டிய பாசுபதம் என்ற ஆயுதத்தைச் சிவனிடம் வாங்குவதற்காக அர்ச்சுனன் தவம் இருக்கிறான். அதற்காகக் கோயிலுக்கு எதிரே திடலில் ஒரு பனைமரத்தை நட்டு, குறுக்கே படிகள் அடித்து, உச்சியில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பரண் கட்டுவார்கள். அர்ச்சுனன் வேஷக்காரன் படிக்கு ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவான். குழந்தை இல்லாத பெண்கள் குளித்து ஈரப்புடவையோடு வந்து மரத்தைச் சுற்றிப் படுத்திருப்பார்கள். சிவன் வரம் கொடுத்ததும் அர்ச்சுனன் மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் போடுவான். யார் மடியில் விழுகிறதோ அவர்களுக்குப் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை.

சிவன் வேடன் உருவத்தில்தான் வருவான். மற்ற ஊர்களில் கூத்துக் குழுவிலேயே ஒருவர் வேடன் வேஷம் கட்டிவிடுவார். எங்கள் ஊரில் அது செல்லாது. வேடன் மலையிலிருந்து வரவேண்டும். நிஜமாகவே கல்வராயன் மலையிலிருந்து. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குத்தான் அந்த உரிமை. இப்போது வருகிறவர் அறுபதைத் தாண்டியவர். புளியும் கடுக்காயும் எடுத்து விற்பவர். கூத்தாடி இல்லை. அவருக்குத் தெரிந்தது எட்டு வரிப் பாட்டு மட்டும். காலையில் முதல் பேருந்தில் இறங்கி, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டு, கோயிலில் இருக்கும் வில்லை வாங்கித் தோளில் போட்டு, மரத்தடிக்கு வந்து அந்த எட்டு வரியைப் பாடி, கொடுத்தேன் என்று சொல்வார். அதற்குப் பிறகுதான் அர்ச்சுனன் இறங்கலாம். அதுவரை அவன் இறங்கக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, அவனை யாரும் வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பெயர் சொல்லிவிட்டால் தவம் கலைந்த கணக்கு.

இதெல்லாம் எனக்குக் கல்யாணமாகி வந்ததிலிருந்து தெரியும். ஒவ்வொரு வருடமும் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மதியம் கடைக்குப் போயிருக்கிறேன். மரத்தின் மேல் இருப்பவனுக்கு ஒரு அம்மா இருப்பாள் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

என் மகன் கம்ப்யூட்டர் படிப்பு முடித்துவிட்டுக் கூத்துக் குழுவில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. சேரும்போது நான் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பிறகு அவன் பாடுவதைக் கேட்டேன். வழக்கமாக அர்ச்சுனன் கட்டுகிறவருக்கு முழங்கால் போய்விட்டதால் இந்த வருடம் இவனை ஏற்றலாம் என்று வாத்தியார் வந்து கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன். நோட்டீசில் அவன் பெயர் வந்தது. அதைக் கொண்டுபோய்க் கடையின் கண்ணாடியில் ஒட்டியதும் நான்தான்.

அன்று ஒன்பது மணிக்கு ஏறினான். காவி வேட்டி, ருத்திராட்சம், முகத்தில் அர்ச்சுனனுக்கு உரிய நீலம். பத்து மணிக்கெல்லாம் பாட்டுகளை முடித்துவிட்டுப் பரணில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். வேடன் பத்தே காலுக்கு வந்துவிடுவார் என்று கணக்கு. பத்து நாற்பதுக்கு அந்த போன் வந்தது. மலைப் பேருந்தில் இருந்த யாரோ பேசினார்கள். மலைப்பாதை வளைவு ஒன்றில் பெரிய மரம் சாய்ந்து வழியை அடைத்துவிட்டது, பேருந்து அதற்கு மேலே நிற்கிறது, வேடன் அந்தப் பேருந்தில்தான் இருக்கிறார். அவ்வளவுதான் கேட்டது. அதற்கு மேல் சிக்னல் இல்லை.

எல்லோரும் மேற்கே திரும்பிப் பார்த்தோம். மலையே தெரியவில்லை. கருப்பாக மழை இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தலைக்கு மேல் ஒரு மேகம் இல்லை. திடல் மண் செருப்புக்குள் சுட்டது.

விழாக் குழுப் பெரியவர் ஒருவர், மழை விட்டால் மரத்தை வெட்டிவிடுவார்கள், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார் என்றார். யாரும் பதறவில்லை. பதறியது நான் ஒருத்திதான். அதற்குக் காரணம் அங்கே இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

என் மகனுக்கு ஆறு வயதில் வலிப்பு வந்தது. பத்து வயது வரை மொத்தம் ஐந்து தடவை. மருந்து கொடுத்தோம், நின்றுவிட்டது. அவனிடம் ஜுரம் என்று சொன்னோம். மாத்திரையை வேறு டப்பாவில் மாற்றி, சத்து மாத்திரை என்று என் கையால் எழுதி ஒட்டினேன். மாமியாருக்குத் தெரியாது, என் அக்காவுக்குத் தெரியாது. நாளைக்குப் பெண் கேட்கப் போகும்போது இந்தப் பேச்சு முன்னால் போய் நிற்கும் என்று பயம். பதின்மூன்று வருடமாக ஒன்றும் வரவில்லை. வராத ஒன்றை எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டேன். ஆனால் எதெல்லாம் திரும்ப வரவழைக்கும் என்பது எனக்குத் தெரியும். வலிப்பு வரும் பிள்ளையைப் பெற்றவர்களிடம் கடையில் நின்று நானே சொல்லியிருக்கிறேன். பட்டினி போடாதீங்க, தூக்கம் கெட வேண்டாம், வெயிலில் நிறுத்தாதீங்க. என் மகன் காப்புக் கட்டியதிலிருந்து ஒருவேளைச் சோறு சாப்பிட்டு, மூன்று நாளாகச் சரியாகத் தூங்காமல், முந்தின நாள் சாயந்திரத்திலிருந்து பச்சைத் தண்ணீர் இல்லாமல் வெயிலில் உட்கார்ந்திருந்தான். அதுவும் எங்கே.

என் கணவர் விழாக் குழுவில் இருக்கிறார். மஞ்சள் வேட்டியும் கையில் காப்புமாகக் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். எதற்குக் கூப்பிடுகிறேன் என்று தெரிந்துதான் மெதுவாக வந்தார்.

"பையனை எறக்கச் சொல்லுங்க."

"நான் எப்பிடிச் சொல்றது? ஊரு ஒத்துக்குமா?"

"உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற? மைக்குல சொல்லட்டுமா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே என்னைக் கேட்டார்.   அதற்குள் அவரை யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

ஊர்க்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். முன்னே ஒரு வருடம், நான் இந்த ஊருக்கு வருவதற்கும் முன்னால், தபசு பாதியில் நின்றதாம். அந்த வருடம் கிணறெல்லாம் வற்றி, ஊரில் அடுத்தடுத்து மூன்று சாவு விழுந்ததாகச் சொல்வார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் படித்த படிப்பு சொல்கிறது. ஆனால் அன்று மரத்தடியில் நின்றபோது, இறக்கிவிட்டு அதற்குப் பிறகு இவனுக்கே ஏதாவது ஆனால் என்ன செய்வது என்ற நினைப்பும் எனக்குள் வந்தது. நான் எதை நம்புகிறவள் என்று அன்றைக்கு எனக்கே தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

பதினொன்றரை இருக்கும். மேலே அவன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி இருந்தது. முகம் வெளுத்திருக்கிறதா என்று பார்க்க முடியவில்லை. நீலம் பூசியிருந்தது. உதடு காய்ந்திருக்கிறதா என்று பார்க்க முடியவில்லை. சிவப்புப் பூசியிருந்தது. கடைக்கு வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்துகொள்கிற எனக்குப் பெற்ற பிள்ளையின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்து நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. பின்பாட்டுக்காரர்களின் பெஞ்சுக்கு முன்னால் தொங்கிய மைக்கைப் பிடித்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பள்ளிப் பெயரைக்கூட அல்ல, வீட்டில் கூப்பிடும் பெயரை.

மத்தளம் நின்றது. குழாய் ஸ்பீக்கரில் என் குரல் தெரு முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. மேலே அவன் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து கீழே குனிந்தான். அவன் குனிந்ததும் மரம் ஆடியது. நான் பார்த்தேன், ஒரு முழம் அளவுக்கு உச்சி ஆடியது. ஒன்றரை மணி நேரமாக ஆடாமல் இருந்தவனை ஆட்டிவிட்டது நான்தான்.

கூட்டத்தில் ஒரு பெண் என் காதில் விழும்படியே பேசினாள். "டவுன்ல வேல செஞ்சா இன்னா? கூத்துல பையன் பேர சொல்லிக் கூப்டக் கூடாதுன்னுகூடத் தெரியாதா?" இன்னொருத்தி, "மருந்துக்கடைக்காரி, தவத்துக்கும் சீட்டு எழுதித் தரச் சொல்லுவா" என்றாள். சிலர் சிரித்தார்கள்.

விழாக் குழுப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பெயர் சொன்னதால் தவம் கலைந்துவிட்டது, ஆனால் அவன் இறங்கவில்லை, ஆகவே முதல் படியிலிருந்து எல்லாப் பாட்டையும் மேலே உட்கார்ந்தபடியே மறுபடி பாடினால் போதும் என்று முடிவானது. எனக்கு அவர்கள் தண்டனை ஒன்றும் சொல்லவில்லை. அவன்தான் பாடினான். வறண்ட தொண்டையோடு, ஒரு பாட்டு விடாமல், கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். நடுவில் இரண்டு தடவை குரல் அறுந்தது. அப்போது பின்பாட்டுக்காரர்கள் வரியை எடுத்து நீட்டிப் பாடி அவனுக்கு மூச்சு விட இடம் கொடுத்தார்கள். நான் மரத்தை இழுத்துக் கட்டியிருந்த கயிறுகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் காலடியில் ஒரு பெண் படுத்திருந்தாள். பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி ஒன்பது வருடம். கடையில் என்னிடம்தான் மாத்திரை வாங்குவாள், அதனால் அவள் கதை எனக்குத் தெரியும். அவள் புடவை எப்போதோ காய்ந்துவிட்டது. யாரோ குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து படுத்திருந்தவர்கள் மேல் மறுபடி ஊற்றிவிட்டுப் போனார்கள். அவள் என் புடவை ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, எறக்கச் சொல்லாதீங்க அக்கா. கொஞ்சம் பொறுத்துக்கோங்க. எனக்காக."

அவளுக்கு நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. சரி என்று சொல்லியிருப்பேன் என்று பயமாக இருக்கிறது.

பாட்டு முடிந்து அவன் மறுபடி உட்கார்ந்தான். அப்போதுதான் இடது கையைக் கவனித்தேன். விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. சின்ன வயதில் அவனுக்கு வலிப்பு வரும்போது முதலில் இடது கை விரல்கள்தான் எதையோ கிள்ளி எடுப்பது போல அசையும். இப்போது அந்தக் கையில் ஜபமாலை இருந்தது. மணி உருட்டுகிறானா, இல்லை அதுவா? கீழேயிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே இருந்தது. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தேன். பக்கத்தில் இருந்த யாரையும் கேட்கவும் முடியாது.

வாத்தியாரைத் தேடிப் போனேன். வேஷம் கட்டும் பள்ளிக்கூட அறையில், சுவரோரம் அடுக்கியிருந்த கிரீடங்களுக்கும் புஜக்கட்டைகளுக்கும் நடுவில், செல்போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில் சொன்னேன். அவர் போனைக் கீழே வைத்தார்.

"எத்தன வயசுல?"

"ஆறுலேந்து பத்து வரைக்கும்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏத்தியிருக்கவே மாட்டேனே, தாயி."

"தெரியும். அதனாலதாங்க சொல்லல."

இந்தப் பதில் என் வாயிலிருந்து வந்த பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. கல்யாணப் பேச்சு, மாமியார், ஊர் வாய் எல்லாம் பழைய காரணங்கள். இந்த வருடத்துக் காரணம் கடைக் கண்ணாடியில் நான் ஒட்டிய அந்த நோட்டீஸ்தான். வாத்தியார் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.  அவர் எழுந்து, வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்த கட்டியக்காரனைக் கூப்பிட்டார். கூத்தில் கோமாளி வேலையும் சேவகன் வேலையும் செய்கிறவன் கட்டியக்காரன். ஐம்பது வயது ஆள், கூர்த்தொப்பி போட்டுக் காலில் சலங்கை கட்டியிருந்தார். இருவரும் காதோடு காதாகப் பேசினார்கள். என்னைப் பற்றியும் சொல்லியிருப்பார். கட்டியக்காரன் என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. குடத்தில் ஒரு துண்டை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு திடலுக்கு ஓடினார்.

மைக் முன்னால் நின்று ஒரு குதி குதித்தார். "எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க. துரியோதன மகாராசா என்ன அனுப்பிச்சிக்கிறாரு. மேல ஒருத்தன் தவம் பண்ணிக்கினு குந்தியிருக்கானாம். போய்க் கெடுத்துட்டு வாடான்னாரு. கெடுக்குற வேலன்னா நமக்குத்தான் குடுப்பாங்க."

முதல் படியில் காலை வைத்தார். உடனே குழுப் பெரியவர் எழுந்து, அர்ச்சுனன் மேலே இருக்கும்போது வேறு யாரும் மரத்தில் ஏறிய வழக்கம் இல்லை என்றார். கூடவே திடலுக்கு வந்திருந்த வாத்தியார் ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னாலிருந்து பணிவாகவே கேட்டார். "தவத்தக் கெடுக்க வர்றவன் ஏறாம எப்பிடிங்க கெடுப்பான்? அவன் கெடாம இருந்தாத்தான தவம்?" பெரியவர் யோசித்தார். அதற்குள் கட்டியக்காரன் நான்காவது படிக்குப் போயிருந்தார். கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. பெரியவர் உட்கார்ந்துவிட்டார்.

சலங்கை ஒலிக்க ஏறினார். படிக்குப் படி நின்று பேசினார். "சாமி, ரெண்டு இட்லி, கெட்டிச் சட்டினி, வேணாவா? வேணாம்னா எனக்கு ஜாஸ்தியா கெடைக்கும்." இன்னும் இரண்டு படி. "மேல காத்து வருதா? கீழ எங்களுக்குக் காலையிலேந்து கரண்டு இல்ல, மைக்கே ஜெனரேட்டருலதான் ஓடுது. தவத்த முடிச்சிட்டு கரண்டு ஆபீசுக்கு ஒரு போன் போடு." படுத்திருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று தெரியாது. வாயைத் திறந்துகொண்டு நின்றிருந்தேன்.

பரணுக்கு அடியில் போனதும் அவர் தன் இடுப்பில் சுற்றியிருந்த நீளமான கச்சைத் துணியை அவிழ்த்தார். "சொன்னாக் கேக்க மாட்டியா? கட்டித் தூக்கிக்கினு போறேன் பாரு" என்று பாடிக்கொண்டே அதை என் மகனின் இடுப்பைச் சுற்றி, மரத்தோடு சேர்த்து, மூன்று முடிச்சுப் போட்டார். அதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு தவத்தைத் துடைத்து எடுக்கிறேன் என்று சொல்லி ஈரத்துண்டால் அவன் முகத்தைத் துடைத்தார். ஒரு பக்கத்து நீலம் முழுக்க வந்துவிட்டது. பாதி முகம் அர்ச்சுனன், பாதி முகம் என் மகன். அந்தப் பாதி வெளுத்திருந்தது. துண்டு வாயருகே போனபோது கட்டியக்காரனின் கை அதைப் பிழிந்தது. அவன் தொண்டை அசைந்தது. நான் பார்த்தேன். வேறு யாராவது பார்த்தார்களா, பார்த்தும் சும்மா இருந்தார்களா என்பது தெரியாது. குழுப் பெரியவர் அந்த நேரம் குனிந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் மடித்தார்.

கட்டியக்காரன் இறங்கவில்லை. பரணுக்கு ஒரு படி கீழே மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்று, ஒரு கையால் அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். தனக்குத் தெரிந்த பகடியெல்லாம் சொன்னார். தீர்ந்ததும் முதலிலிருந்து சொன்னார். கூட்டம் சிரிப்பதை நிறுத்திவிட்டது. பிறகு அவர் குரலும் கம்மி, கடைசியில் சும்மா நின்றார். மேலே இரண்டு பேர், கீழே நாங்கள். ஒரு மணி, ஒன்றேகால், ஒன்றரை. மேற்கே மழை விட்டு மலை நீலமாகத் தெரிய ஆரம்பித்தது. அந்த நேரத்தில் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். அம்மனிடம் வேண்டினேனா, சிவனிடமா, இல்லை மலைப்பாதையில் மரம் வெட்டுகிறவர்களிடமா, சரியாக நினைவுக்கு வரவில்லை.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் ஒரு மினி லாரி திடலோரம் வந்து நின்றது. பின்னால் கிழங்கு மூட்டை மேலிருந்து ஒருவர் இறங்கினார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். சட்டை ஈரமாக உடம்போடு ஒட்டியிருந்தது. முழங்கால் வரை செம்மண் சேறு. சாய்ந்த மரத்தை வெட்டி முடிக்கும்வரை காத்திருக்காமல் பேருந்தைவிட்டு இறங்கி, மழையிலேயே ஒற்றையடிப் பாதையில் அடிவாரம் வரை நடந்து வந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. கூட்டம் வழிவிட்டது. வேடன் வந்துட்டாரு, வேடன் வந்துட்டாரு என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள்.

குழுப் பெரியவர் அவர் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துப் பக்கம் அழைத்தார். முதலில் முகத்துக்குப் பூசட்டும், வேஷம் கட்டட்டும், வில் கோயிலில் தயாராக இருக்கிறது, அரை மணியில் முடிந்துவிடும் என்றார். அரை மணி என்ற சொல் என் காதில் விழுந்தது. நான் எழுந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேசவில்லை. மறுபடி வாயைத் திறந்து எதையாவது கெடுத்துவிடுவேனோ என்று பயம்.

மலைக்காரர் கையை விடுவித்துக்கொண்டு நேராக மரத்தடிக்கு வந்தார். அண்ணாந்து பார்த்தார். பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான், என்னைத்தான் கேட்டார்.

"ஏறி எவ்ளோ நேரம் ஆவுதும்மா?"

"ஒம்போது மணிக்கு ஏறினான்."

பெரியவர் பின்னாலேயே வந்துவிட்டார். "வேஷம் இல்லாம எப்பிடிங்க? பாட்டாவது பாட வேணாவா?"

மலைக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் இருந்த மஞ்சள் பையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. "மலையிலேந்துதான வந்துக்கிறேன்" என்று மெல்லச் சொன்னார். பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்து, பாடாமல், வயலில் தூரத்தில் நிற்கிற ஆளோடு பேசுவதைப் போல மேலே பார்த்துச் சொன்னார்.

"போதும் சாமி. கீழ பொம்பளைங்க வெயில்ல கெடக்குறாங்க. அந்தப் பழத்தையெல்லாம் போட்டுட்டு எறங்கு. குடுத்தாச்சு."